கோடைத் தடம்

சின்னவளுக்கு அன்று விடிந்ததிலிருந்தே கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. உலை பொங்கி வழிந்து அடுப்பு பாதி அணைந்தது கூடத் தெரியாமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் அலைந்துகொண்டிருந்தாள். வாசலில் நின்றால் சோளம் அறுத்த தாள் வெளுத்துக் கிடக்கும் நிலமெல்லாம் அடிவானம் வரைக்கும் தெரியும். நடுவில் ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில் வெள்ளைத் துணி. நேற்று அது ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. இன்றைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது.

"கொடி கிட்ட வந்துடுச்சு, பாத்தீங்களா?"

அவள் புருஷன் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

"கொடிக்குக் காலா இருக்கு? எவனோ பிடுங்கி நடறான், வருது. நீ போய் உலையைப் பாரு."

"உங்களுக்கு எல்லாமே விளையாட்டுதான்."

"அப்புறம் என்ன? ஊரைப் படமா வரையறாங்க. வரைஞ்சுட்டுப் போகட்டும். உன் மூஞ்சியையா வரையறாங்க, இப்படிப் பதறுற?"

ஊரும் முதலில் இப்படித்தான் நினைத்தது. சர்க்காரில் யாருக்கோ வேலை இல்லை, அதனால் தட்டையாகக் கிடக்கிற பூமியைப் படம் பிடிக்க ஆளனுப்பியிருக்கிறார்கள் என்று சிரித்தார்கள். வந்தவர் மெலிந்த மனிதர். மூன்று கால் மேசை ஒன்றை நட்ட நடு வெயிலில் நிறுத்தி, அதன் மேல் காகிதம் விரித்து, ஒரு சின்னக் கண்ணாடி வழியாகத் தூரத்துக் கொடியைப் பார்ப்பார். பிறகு பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். ஊர் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர் வைத்துவிட்டது. கூட வந்தவன் இரும்புச் சங்கிலியை இழுத்து நிலத்தை அளப்பவன், அவன் சங்கிலிக்காரன். கண்ணாடிக்காரர் பேசாமல் மிச்சம் பிடித்ததையெல்லாம் சங்கிலிக்காரன் பேசித் தீர்த்தான். அவன் வாய்தான் சின்னவளின் நிம்மதியைக் கெடுத்தது.

கோடையில் ஊருக்குள் இருக்கும் கிணறுகள் வற்றிவிடும். ஓடைக்கரைக் கிணற்றில்தான் தண்ணீர். வண்டிப் பாதையில் போனால் அது ஊரைச் சுற்றி, இடுகாட்டைச் சுற்றி, யார் அப்படிப் போகச் சொன்னார்களென்றே தெரியாமல் எங்கெங்கோ சுற்றிக்கொண்டு போகும். பயிர் நிற்கும் மாசங்களில் வேறு வழியில்லை, எல்லோரும் அதில்தான் போவார்கள். அறுப்பு முடிந்துவிட்டால் அப்புறம் நிலத்தில் நடக்க யாரும் யாரையும் கேட்பதில்லை. சின்னவள் நிலத்தின் ஒரு மூலையில் ஏறி எதிர் மூலையில் இறங்கினால் கிணறு, அதைத் தாண்டினால் சந்தைக்குப் போகும் சாலை. குடமும் கூடையுமாக நடந்து நடந்து தாள் மிதிபட்டு வெள்ளையாக ஒரு தடம் விழும். மழை வந்து ஏர் பூட்டினால் தடம் போய்விடும். அடுத்த கோடையில் அதே இடத்தில் திரும்ப விழும். கோடைத் தடம் என்பார்கள். அவள் மாமியார் காலத்திலும் அப்படித்தான், யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மேசைக்காரர்களோ கோடையில் மட்டும்தான் வருவார்கள். மழை விழுந்த கரிசலில் மேசையின் மூன்று காலும் புதைந்துவிடும்.

அன்று அவள் தண்ணீருக்குப் போனபோது, கிணற்றடியில் தண்ணீர் வாங்கிக் குடித்தபடி சங்கிலிக்காரன்தான் சொன்னான்: "எங்க ஐயா கண்ணுல பட்டதை விடமாட்டாரு. மரம், கிணறு, பாதை, எல்லாத்தையும் போட்டுருவாரு. எங்க ஊர்ப் பக்கம் இப்படித்தான் ஒருத்தன் நிலத்துல ஒத்தையடிப் பாதையைப் போட்டாங்க. படத்துல ஏறினது ஏறினதுதான். அப்புறம் அதை உழக் கூடாதுன்னாங்க. அப்புறம் ரெண்டு பக்கமும் பள்ளம் வெட்டினாங்க. அவன் இப்ப மாடு மேய்க்கிறான்."

சின்னவள் இடுப்பில் இருந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டு, தான் நடந்து வந்த தடத்தைத் திரும்பிப் பார்த்தாள். குறுக்காக, மூலைக்கு மூலை, நிலத்தை இரண்டாகக் கிழித்துக்கொண்டு கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கே ஏர் பூட்டுங்க."

"எதுக்கு?"

"நிலத்தை உழுறதுக்குத்தான். வேற எதுக்கு ஏர் பூட்டுவாங்க?"

"ஒரு தூறல் கூட விழல. வெடிப்புல கையை விட்டா முழங்கை வரைக்கும் போகுது. இதுல ஏர் பூட்டினா கலப்பைக் கொழு உடையும், மாட்டுக்கு நாக்கு தள்ளிப்போகும். ஊரு கைகொட்டிச் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அந்தத் தடம் படத்துல ஏறிட்டா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? குறுக்கால போகுது. ரெண்டு பக்கமும் கூம்பு மூலையா மிஞ்சும். அதுல உங்க மாடு எப்படித் திரும்பும்? நீங்க சுமந்து திருப்புவீங்களா?"

அவன் கயிற்றைக் கீழே வைத்தான். மாடு திரும்பாது என்றதும்தான் அவனுக்கு விஷயம் உறைத்தது. நிலம் போகும் என்பதை விட அது அவனுக்குப் பக்கத்தில் தெரிந்தது.

மறுநாள் உழுதார்கள். உழவு என்று சொல்வதே பாவம். கலப்பை இறங்க மறுத்தது. மேழிப்பிடியின் மேல் தன் முழுப் பாரத்தையும் போட்டு அவன் தொங்கினான். சின்னவள் முன்னால் நின்று மாட்டைப் பிடித்து இழுத்தாள். மண் குடம் அளவுக் கட்டிகளாகப் பெயர்ந்து புரண்டது. புழுதி பறந்து இரண்டு பேர் முகத்திலும் கண் மட்டும்தான் மிச்சம். கொழு அவன் சொன்னபடியே முனை உடைந்தது. அந்தத் தடம் இருந்த இடத்தை மட்டும் அவள் இரண்டு முறை உழச் சொன்னாள்.

அடுத்த நாள் காலையில் குடத்தோடு வந்த பெண்கள் நிலத்து மூலையில் திகைத்து நின்றார்கள்.

"இந்த வெயில்ல யாருடி உழுதது? கட்டி ஒவ்வொண்ணும் தலைகாணி மாதிரி கிடக்கு."

"அவங்களுக்கு மட்டும் மழை பெஞ்சிருக்கும் போல."

"காலை வெச்சா கணுக்கால் முறிஞ்சிடும். வா, இப்படிப் போவோம்."

'இப்படி' என்றால் வரப்புக்கு அந்தப் பக்கம். அந்தப் பக்கம் பெரியவளின் நிலம்.

பெரியவள் சின்னவளுக்கு ஓரகத்தி, புருஷனின் அண்ணன் மனைவி. அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள், நிலத்தை வரப்பு வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். ஏரும் மாடும் மட்டும் பிரியவில்லை. தன் நிலத்தை உழுத கையோடு கொழுந்தன்தான் அண்ணியின் நிலத்தையும் உழுவான். பெரியவளுக்கு ஒரே மகள், கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிறாள். நாக்கு மட்டும் பெரியவளுக்குக் கத்தி. ஆனால் சின்னவள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் பிள்ளை தங்காமல் தொடர்ந்து படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, மலமூத்திரம் அள்ளிப் போட்டவளும் அவள்தான். இரண்டையும் ஊர் அறியும்.

ஜனம் தன் நிலத்தில் நடக்க ஆரம்பித்ததில் பெரியவளுக்கு ஒரே கொண்டாட்டம். வேப்பமரத்தடியில் ஒரு பானைத் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். போகிறவளை நிறுத்தி நேற்றைய சண்டையைக் கேட்பாள், வருகிறவளை நிறுத்தி இன்றைய சண்டையைக் கேட்பாள்.

"ஏண்டி சின்னவளே, நீ உழுதாலும் உழுத, என் நிலத்துக்கு மனுஷ வாடை வந்துச்சு," என்று வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். "என் மக போனதுக்கு அப்புறம் நான் இத்தனை பேச்சுப் பேசினதே இல்ல. தொண்டை கட்டிக்கிச்சு."

சின்னவள் சிரித்து வைத்தாள். அப்போதுகூட அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தன் நிலத்தில் தடம் இல்லை என்ற ஒரு நினைப்பே அவளுக்குப் போதுமாக இருந்தது. தினமும் வாசலில் நின்று கொடியைப் பார்ப்பாள். வருகிறதா, இன்னும் வருகிறதா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். வராவிட்டாலும் அடித்துக்கொண்டது.

கடைசியில் வந்தது. மேசையை இரண்டு நிலத்துக்கும் நடுவில் வரப்பின் மேலேயே நிறுத்தினார் கண்ணாடிக்காரர். சின்னவள் கட்டி பொறுக்குகிறவள் போல அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தாள். பெரியவளோ நேராகப் போய்த் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

"இதுல எங்க ஊர் எங்க இருக்கு?"

"இதோ, இந்தப் புள்ளிகள் வீடு. இது ஓடை."

"என் வேப்பமரம்?"

"இதோ."

"அடேயப்பா, எறும்பு மாதிரி இருக்கே. சின்னவளே, வந்து பாருடி."

சின்னவள் வந்து எட்டிப் பார்த்தாள். எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, நிலம் தெரியுமே. ஓடையின் வளைவு புரிந்தது, கிணறு புரிந்தது. கண்ணாடிக்காரர் குனிந்து, வேப்பமரத்தை ஒட்டி, பெரியவளின் நிலத்துக்குக் குறுக்கே புள்ளி புள்ளியாக ஒரு கோடு போட்டார். கிணற்றில் போய் முடிந்தது. சின்னவளின் நிலம் வெறும் வெள்ளையாக இருந்தது.

"இது என்ன புள்ளி?" என்றாள் பெரியவள்.

"நடைபாதை."

"பாத்தியாடி, நம்ம நடக்கிறதைக் கூடப் போட்டுட்டாரு."

சின்னவளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். பொய் சொல்வானேன், பெரிய நிம்மதி. அது அரை நாழிகை கூட நிற்கவில்லை. வரப்பிலிருந்து இறங்கியபோதுதான் பெரியவளின் நிலம் தன் நிலத்தில் பாதி அகலம் என்பது நினைவுக்கு வந்தது. அதன் குறுக்கே பாதை போனால் மிஞ்சுவதைத் துண்டு துணி என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லிவிடலாமா என்று திரும்பினாள். கண்ணாடிக்காரர் மேசையை மடக்கிக்கொண்டிருந்தார். அவள் வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் பெரியவள் அவித்த கிழங்கோடு வந்து சின்னவளின் அடுப்படியில் உட்கார்ந்தாள். படத்தைப் பற்றியே பேச்சு.

"நாளைக்கு நான் செத்துப் போனாலும் என் மரம் அதுல நிக்கும், இல்ல? மக வந்தா சொல்லணும். உன் சித்தி நிலத்துல ஒண்ணுமே இல்ல, வெறும் காகிதம், நம்ம நிலத்துலதான் மரமும் பாதையும்னு." சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். "என்னடி, சாப்பிடாம பிசைஞ்சுகிட்டே இருக்க?"

"தலைவலிக்கா."

"வெயில்ல கட்டி பொறுக்கினா வலிக்காம என்ன பண்ணும்?"

அவள் போன பிறகு சின்னவள் புருஷனிடம் சொன்னாள். அவன், "நாம அவங்க நிலத்துல எதுவும் பண்ணலையே. நம்ம நிலத்தைத்தானே உழுதோம்," என்றான். அவனுக்கே அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான்.

விடிந்ததும் விடியாததுமாக அவள், அளக்க வந்தவர்கள் தங்கியிருந்த ஓடைக்கரைக் கூடாரத்துக்கு ஓடினாள். கண்ணாடிக்காரர் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நேத்துப் போட்ட புள்ளிக் கோடு தப்பு. அந்தத் தடம் எங்க நிலத்துலதான்."

"உங்க நிலத்துல தடம் இல்லையேம்மா. உழுது கிடக்கு."

"நாங்கதான் உழுதோம். நீங்க வர்றீங்கன்னு."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். களைத்துப்போன முகம்தான் தெரிந்தது.

"எல்லா ஊர்லயும் இது நடக்குதும்மா. ஒரு ஊர்ல கிணத்தையே மூடி வெச்சுட்டாங்க."

"ரெண்டு இடத்துலயும் போடாதீங்களேன். மழை வந்தா அந்தத் தடமே இருக்காது. கோடைக்கு மட்டும்தான்."

"மழையில நான் வரமாட்டேனே."

"வாய்ச்சொல்லா சொல்றேனே, அது போதாதா?"

"வாய்ச்சொல்லை வெச்சு வரைஞ்சா ஒருத்தர் நிலத்துலயும் பாதையே இருக்காது. நாளைக்குக் கொடியை எடுக்க வருவேன். கோடு இன்னும் பென்சில்லதான் இருக்கு. அப்ப ஜனங்க எங்க நடக்கறாங்களோ அதைப் பாத்துட்டுத்தான் மை போடுவேன். இவ்வளவுதான் என்னால முடியும்."

அது போதும் என்று திரும்ப ஓடினாள். புருஷனை எழுப்பி, கட்டி உடைக்கிற கொட்டாப்புளியை அவன் கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் மூலைக்கு மூலை கட்டி உடைக்க ஆரம்பித்தார்கள். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. உடைத்த மண்ணை அவள் காலால் மிதித்துக்கொண்டே பின்னால் வந்தாள். குடத்தோடு வந்தவர்களை மூலையில் நின்று மறித்தாள்.

"இந்தப் பக்கம் வாங்க. தடம் போட்டாச்சு."

"நேத்து அடைச்ச, இன்னைக்குத் திறக்கற. உன் நிலத்துக்குக் கதவு ஒண்ணு போட்டுடேன்," என்றாள் ஒருத்தி. சிரித்துக்கொண்டே இரண்டு மூன்று பேர் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

வேப்பமரத்தடியிலிருந்து பெரியவள் எழுந்து வந்தாள்.

"என்னடி இது கூத்து? நான் நாலு பேரோட பேசறது உனக்குப் பொறுக்கலையா?"

"அக்கா, அது இல்லைக்கா." சின்னவள் சொல்ல ஆரம்பித்தாள். சங்கிலிக்காரன் சொன்னதிலிருந்து கூடாரத்துக்குப் போனது வரைக்கும் எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கொட்டினாள். பெரியவள் குறுக்கே பேசவில்லை. அவள் குறுக்கே பேசாமல் ஒன்றைக் கேட்டது அதுவே முதல் தடவை.

"அப்ப அந்தக் கொடிக்காக உழுதிருக்கீங்க."

"ஆமாக்கா."

"தண்ணிக்குப் போறவங்க அப்புறம் எந்தப் பக்கம் திரும்புவாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"அப்ப யோசிக்கலைக்கா. சத்தியமா யோசிக்கலை."

"சரி, யோசிக்கல. அந்த ஆளு கோடு போட்டப்ப என் பக்கத்துலதானே நின்ன?"

"நின்னேன்."

"வாயைத் திறந்தியா?"

சின்னவள் காலடியில் கிடந்த கட்டியை மிதித்து உடைத்தாள்.

"சாயங்காலம் நான் பைத்தியக்காரி மாதிரி வந்து உட்கார்ந்து, மரம் இருக்கு, பாதை இருக்குன்னு பீத்திக்கிட்டேன். கேட்டுக்கிட்டுதானே இருந்த? தலைவலின்னு சொன்ன."

"தப்புதான்க்கா. அதனாலதான் இப்ப எங்க பக்கமே திருப்பிக்கறேன். நாளைக்கு அவர் வந்து பாத்தா மாத்திப் போட்டுருவாரு."

"மாத்திப் போட்டா?"

"உங்க நிலம் உங்களுக்கு முழுசா இருக்கும்."

"உனக்கு?"

"எங்களுக்குப் போனா போகட்டும்."

"அது இல்லடி. உன் மனசு ஆறிடும். இன்னைக்கே போய் நல்லா சாப்பிடுவ, தூங்குவ. எனக்கு என்ன ஆறும்?" பெரியவளின் குரல் உயரவில்லை. "நீ தள்ளிவிட்டதை நீயே திரும்ப எடுத்துக்கிட்டா கணக்கு சரியாப் போச்சா? என் நிலம் பாதி போனா போகட்டும். உன் தூக்கத்துக்காக நான் எதையும் திருப்பித் தரமாட்டேன்."

"அண்ணி, கோபத்துல முடிவெடுக்காதீங்க," என்றான் கொழுந்தன்.

"தம்பி, நீ பேசாத. ஏர் ஓட்டினது உன் கைதான்."

அவள் வரப்பைத் தாண்டித் தன் நிலத்துக்குப் போய், தடத்தின் நடுவில் நின்று, வந்துகொண்டிருந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வாங்க, தண்ணி குடிச்சுட்டுப் போங்க என்றாள். அந்தப் பக்கம் கட்டி, இந்தப் பக்கம் பழகிய தடமும் குடிதண்ணீரும். ஜனம் எங்கே போகும்? மறுநாளும் அப்படியே நின்றாள். கண்ணாடிக்காரர் வந்தார், இரண்டு நிலத்தையும் பார்த்தார், சின்னவளை ஒரு தரம் பார்த்தார். கொடியைப் பிடுங்கிக்கொண்டு போனார். அந்தக் கோடையிலேயே பெரியவளின் நிலத்துப் புள்ளிக் கோட்டில் மை ஏறிக் காய்ந்தது.

மழை வந்தது. ஊர்த் தலையாரி முன்கூட்டியே வந்து, படத்தில் இருக்கிற பாதையில் ஏர் படக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான். சின்னவளின் நிலம் கோடையில் புரண்டு கிடந்ததால் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்திருந்தது. அந்த வருஷம் போல ஈரம் அதில் என்றைக்கும் நின்றதில்லை. கொழுந்தன் வழக்கம்போல அண்ணியின் நிலத்துக்கும் ஏரைக் கொண்டுபோனான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. பாதைக்கு இரண்டு பக்கமும் உழுதான். மூலைக்கு வந்ததும் மாடு திரும்ப இடமில்லாமல் நின்றது. இரண்டு மூலையையும் விட்டுவிட்டுத்தான் வர முடிந்தது.

அந்த மூலைகளைப் பெரியவள் மண்வெட்டியால் வெட்டிக்கொண்டிருப்பதைச் சின்னவள் தன் நிலத்திலிருந்து பார்த்தாள். ஈரக் கரிசல் மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் பெரியவள் குனிந்து அதைக் காலால் தள்ளிவிட்டு மறுபடியும் ஓங்கினாள். சின்னவளுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, சுற்றி வந்து, பாதை வழியாகவே நடந்து மூலைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, அந்தப் பக்கத்தை நான் வெட்டறேன்."

பெரியவள் வெட்டிக்கொண்டே சொன்னாள்: "பாதை பொதுவானது. எவ்வளவு நேரம் வேணும்னாலும் நில்லு, யாரும் கேக்க மாட்டாங்க. காலை மட்டும் இந்தப் பக்கம் வெச்சுடாத. இது என் நிலம்."

சின்னவள் நின்றாள். பின்னால் சந்தைக்குக் கூடை சுமந்து வந்த ஒருத்தி, "கொஞ்சம் ஒதுங்கேன் தாயி, நடுவழியில நின்னா நான் எப்படிப் போறது?" என்றாள்.

சின்னவள் ஒதுங்கப் பார்த்தாள். இரண்டு பக்கமும் அக்காவின் நிலம். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கூடைக்காரிக்கு முன்னால் சந்தைப் பக்கம் பார்த்து நடந்தாள். சந்தையில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை.